நீதிமன்றத்துக் கவர்

லாரியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு வெண்டல் ஓடிப்போய் வாசல் தபால் பெட்டியைத் திறந்தான். காலி.

வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மிசஸ் ப்ரூயிட் சிரித்தாள். "பத்து நாளா அந்தப் பெட்டியையே சுத்திச் சுத்தி வர்ற. யாரு, புதுக் காதலியா?"

"சும்மா இருங்க. இன்னிக்குத் தபால் வரலையா?"

"வந்துச்சே. உன் பொண்டாட்டி எடுத்துட்டுப் போனா. உன்னைவிட வேகமால்ல ஓடி வந்தா!"

வெண்டல் வீட்டுக்குள் ஓடினான். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஷார்லின் மதியத்தில் வீட்டுக்கு வருகிற வழக்கமே இல்லை.

பத்தொன்பது வயதில் ஒரு கடையில் கம்பளிக் கோட்டு திருடி மாட்டிக்கொண்டவன் அவன். அபராதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் குற்றப் பதிவு இருபது வருடமாக விடாமல் கூடவே வந்தது. மருந்துக் கிடங்கு வேலை இரண்டு முறை கைவரை வந்து நழுவியது அதனால்தான்.

போன மாதம் நீதிபதி அந்தப் பதிவை முத்திரையிட்டு மூடச் சம்மதித்தார். "உத்தரவு தபால்ல வரும். இனிமே யார் கண்ணுலயும் படாது" என்றார் வக்கீல்.

அவன் பயந்தது ஒரே ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான். பதினோரு வருடக் குடித்தனத்தில் ஷார்லினிடம் அவன் மறைத்தது இது ஒன்றைத்தான். கடைக்காரப் பெண் ரசீதில் போட மறந்த ஒரு வெண்ணெய்ப் பாக்கெட்டுக்காகக் கொட்டும் பனியில் திரும்பிப் போனவள் அவள். அவளிடம் போய்த் திருட்டைப் பற்றி எப்படிப் பேசுவது?

சமையலறை மேசையில் நீதிமன்றத்துக் கவர் பிரிந்து கிடந்தது. கடிதத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு ஷார்லின் அழுதுகொண்டிருந்தாள். அவன் பெயருக்கு வரும் விளம்பரத் தாளைக்கூடப் பிரிக்காதவள், இதைப் பிரித்துவிட்டாள்.

"வெண்டல், நான் வந்து..."

"இரு, நீ ஒண்ணும் கேக்காத. நானே சொல்லிடறேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "டொலிடோ ஊர்க் குளிரு உனக்கே தெரியும். அப்ப எங்க வீட்டுல ஹீட்டர்கூடக் கிடையாது. கடையில ஒரு கோட்டை மாட்டிக்கிட்டு அப்படியே வெளிய நடந்துட்டேன். கதவுகிட்டயே புடிச்சிட்டாங்க. உன்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்."

ஷார்லினின் அழுகை சட்டென்று நின்றது. வாய் லேசாகத் திறந்திருக்க, அவனையே பார்த்தாள்.

"திட்டிடு, ஷார்லின். இப்படிப் பாக்காத. எதையாவது சொல்லு!"

அவள் கடிதத்தின் மேலிருந்த கையை மெல்ல எடுத்தாள். அதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"குற்றப் பதிவை மூடுற உத்தரவுதான். ஆனா பேரைப் படி, வெண்டல்... இது எனக்கு வந்தது."