முகமில்லாத படங்கள்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு அம்மாவைக் காட்டுகிறேன். இஸ்திரிக் கடை மேசை முன்னால் பழைய சாக்கை விரித்து அதன்மேல் நிற்கிறாள். பெட்டிச் சூட்டில் ஈரச் சட்டை ஆவி விடுகிறது. பக்கத்துத் தையல்காரி கைப்பேசியை நீட்டுகிறாள். நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் துணிக்கடைப் பெண்கள், உட்கார நாற்காலி கேட்டு அதில் படம் போடுகிறார்கள். முதலாளிக்கு ஆள் தெரியக்கூடாதென்று பாதங்களை மட்டும். ஊர் ஊராக வீங்கிய பாதங்கள். தள்ளிக்கொண்டே போன அம்மாவின் விரல் ஒன்றில் நிற்கிறது. கட்டைவிரல் ஓரம் பிறை மாதிரித் தழும்பு. சின்ன வயதில் இந்தப் பெட்டி சுட்டது. தூரத்து நகரத்துத் துணிக்கடையில் வேலை செய்யும் மகளின் கால் அது. எப்போது பேசினாலும் "நல்லா இருக்கேம்மா" என்பவள்.

"முகமே இல்லையேக்கா, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பெத்தவளுக்கு முகம் எதுக்குடி? என் காலையும் ஒண்ணு எடுத்து அதுக்குக் கீழ போடு."

போட்டாயிற்று. அம்மா திரையில் அந்தத் தழும்பை நீவுகிறாள். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிடுகிறது. திரும்ப இழுத்து வைத்து நீவுகிறாள். சற்று நேரத்தில் மகளின் பதில் வருகிறது, தையல்காரி படிக்கிறாள்: "நம்ம சாக்கு தெரியுது. நீ மொதல்ல உக்காரும்மா."

அம்மா நின்றுகொண்டே இன்னொரு தடவை படிக்கச் சொல்கிறாள்.

உங்கள் வீட்டில் நிற்கிற கால்களுக்கெல்லாம் உட்கார இடமும், தூரத்துப் பிள்ளை வந்து சாய ஒரு மடியும் இருக்கட்டும்.