கடைசிப் பரீட்சார்த்தி

“கையைக் கழுவாம என்னைத் தொட்டியெண்டா கடிச்சுப்போடுவன்!”

கட்டிலில் கிடந்த றோசமேரி போட்ட கத்தலில் பிரான்சிஸ்கா துள்ளிப் பின்வாங்கினாள். ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள்.

புத்தளம் பக்கம், முந்தல் ஊருக்கு அருகில் ஒரு முதியோர் இல்லம். தாதி உதவியாளர் படிப்புக்கு அங்கேதான் செயல்முறைப் பரீட்சை. பதினொரு பேரில் பத்துப் பேர் முடித்துவிட்டார்கள். எல்லாரும் இருபது வயதுப் பெண்கள். கடைசி ஆள் பிரான்சிஸ்கா. வயது நாற்பத்திமூன்று. பத்தொன்பது வருடம் இறால் உரித்த கை.

எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டாள். செய்துகாட்டு என்று ஒருவர் எதிரில் வந்து நின்றால்தான் மூளை வெறும் சட்டியாகிவிடும். இரண்டு முறை தவறியாயிற்று. இதிலும் தவறினால் இனி இடமில்லை, திரும்பவும் இறால்தான்.

“மேல் துடைச்சு, சட்டை மாத்தி, சில்லுக் கதிரையில இருத்தணும். தொடங்குங்க” என்றார் பரீட்சகர் கமீலா மிஸ், கையில் புள்ளித் தாளோடு.

றோசமேரி அந்த இல்லத்திலேயே இருப்பவள். பாரிசவாதத்தில் இடப்பக்கம் வழங்காது. நேற்றும் இன்றுமாக அத்தனை பேருக்கும் அவள்தான் நோயாளி. எரிச்சல் வராமல் இருக்குமா?

பிரான்சிஸ்கா தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்து வைத்தாள்.

“ஐயோ மாதாவே, ஐஸ் தண்ணி! நான் என்னடி இறாலா?”

பழக்கதோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு சுடுதண்ணீர் கலந்து, முழங்கையில் விட்டுப் பார்த்தாள். பிறகு சட்டைப் பொத்தானில் கை வைத்தாள்.

“ஊரே பார்க்கவோ கழட்டப் போறாய்? எனக்கு மானம் மரியாதை இல்லையோ?”

பாய்ந்துபோய்த் திரையை இழுத்துவிட்டாள்.

“அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. பரீட்சை நடக்குது” என்றார் மிஸ்.

“பரீட்சை உங்களுக்கு. உடம்பு என்ர, மிஸ்!”

துடைத்து முடிந்தது. புதுச் சட்டையின் கையை விரித்து றோசமேரியின் வலக்கையைப் பிடித்தாள்.

“வழங்காத கை கடைசியில வரட்டுமெண்டு விட்டுட்டியோ? அதுவும் என்ர கைதான்!”

பிரான்சிஸ்கா வியர்த்துப்போய் இடக்கையை முதலில் நுழைத்தாள். சக்கரம் பூட்டிய சில்லுக் கதிரையைக் கட்டிலோடு சேர்த்தாள்.

“இதில இருந்தா நேர புத்தளத்துக்கு உருண்டு போயிருவன் போல கிடக்கு!”

குனிந்து சில்லைப் பூட்டினாள். அணைத்துத் தூக்கி மெதுவாக இருத்தினாள். மிஸ் புள்ளித் தாளில் எழுதி முடித்தார்.

“பத்துப் பேருக்கும் வாயைத் திறக்காமக் கிடந்தவ, கடைசியா உங்களில கொட்டித் தீர்த்துட்டா” என்று மிஸ் சிரித்தார். “இவ்வளவு ஏச்சுக்கும் நீங்க முகம் சுளிக்கல்ல. ஒரு படியும் விடவுமில்ல. பாஸ்!”

மிஸ் வெளியே போனதும் பிரான்சிஸ்கா கண்ணைத் துடைத்தாள்.

“அக்கா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சன்? ஏன் என்னை மட்டும் இப்படி ஏசினீங்க?”

“ஏசினனோ? பத்துத் தரம் பார்த்து எனக்கு முழுக்கப் பாடமடி. நீ ஒவ்வொண்டா மறக்க மறக்க, மிஸ்ஸுக்குத் தெரியாம வேற எப்படி நான் சொல்லித் தாறது?”

பிரான்சிஸ்கா கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள். “எனக்கு ஏன் அக்கா இந்த உதவி?”

றோசமேரி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பாஸான பெண்கள் பத்துப் பேரும் வாசல் கேற்றடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“உனக்கெண்டு ஆரடி சொன்னது? அவளுகள் பத்துப் பேரும் வெளிநாடு போகப் பாஸ்போட் எடுத்து வச்சிருக்கிறாளுகள். இங்க நிண்டு நாளைக்கு என்னைக் குளிப்பாட்டப் போறவ நீ ஒருத்திதானே!”