பத்து விரல்கள்

"மூணு வாரமா வருகைப் பதிவு மெஷின்ல உங்க விரல் ஒருநாள்கூடப் பதியலையே, ஏம்மா?" ஆபீஸே கேட்கும்படி கத்தினார் மேனேஜர்.

"தினமும் வைக்கிறேன் சார். அது எடுக்க மாட்டேங்குது," என்றார் தபால் பிரிவு அக்கா.

"எல்லார் விரலையும் எடுக்குது. உங்க விரல்ல மட்டும் வெண்ணெயா தடவியிருக்கு? வாங்க, என் கண்ணு முன்னாடி வைங்க."

சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. அக்கா பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தார். பத்து முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மேனேஜர் குனிந்து பார்த்தார். விரல் நுனிகளில் ஒரு கோடுகூட இல்லை; தேய்ந்த சோப்பு போல வழவழவென்று இருந்தன.

"கேன்சருக்குச் சாப்பிட்ட மாத்திரை சார். கட்டியோட சேர்த்து ரேகையையும் அழிச்சிருச்சு. போகப்போக வந்துடும்னு டாக்டர் சொல்றார்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். என் லெட்டரைப் படிச்சுட்டுத்தானே, ஒரு வார்த்தை கேக்காம ஆறு மாசம் லீவு குடுத்தீங்க? உங்க நல்ல மனசை வீட்ல நாங்க பேசாத நாளில்ல."

மேனேஜர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மகள் பிரசவத்துக்கு அக்கா லீவு கேட்கிறார் என்று யாரோ சொன்னதை நம்பி, அந்தக் கடிதத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டவர் அவர்.