பல் போன பேய்

சந்துச் சுவரில் ஒட்டியிருந்த பேய்ப்பட போஸ்டருக்கு ஒரே கவலை. விரித்த கூந்தல், ரத்தம் சொட்டும் பல், மூலைக்கு மூலை மண்டை ஓடு. இத்தனை இருந்தும் ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. மாலைக்குள் கூட்டம் சேராவிட்டால் தியேட்டர்காரர் அதன் மேலேயே வேறு படத்தை ஒட்டிவிடுவார்.

அப்போது ஓர் ஆடு வந்து சுவரில் முன்னங்காலை வைத்தது.

"ஏய், பேயைப் பார்த்தியா? ஓடிப்போயிடு!" என்று கத்தியது போஸ்டர்.

"பேய் கிடக்கட்டும். மைதாப் பசை வாசனை ஆளைத் தூக்குதே!"

"சரி, மண்டை ஓட்டை மட்டும் தின்னுட்டுப் போ."

"அது பல்லிடுக்குக்குக் கூடப் பத்தாது தாயி. முடியும் பல்லும் சேர்த்துக் குடு."

"பல்லு இல்லாட்டி எவன் பயப்படுவான்?"

"இருந்தப்போ மட்டும் எவன் பயந்தான்?"

ஆடு கரகரவென்று கிழித்துத் தின்றது. படத்தின் பெயரும் ஒற்றைக் கண்ணும்தான் மிச்சம்.

"கண்ணை அப்புறமா வச்சுக்கிறேன்" என்று நகர்ந்தது.

சைக்கிளில் போன ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தார். "யப்பா! எதைப் பார்த்து இந்தக் கண்ணு இப்படி மிரளுது? இன்னிக்கே படத்துக்குப் போயிடணும்."

அவர் பின்னால் பத்துப் பேர் கூடினார்கள். கூட்டத்துக்குப் பின்னால், அசைபோட்டபடி ஆடு காத்திருந்தது.