கரையிறங்கிய மாப்பிள்ளை

"எரிமலை மேலயே ஏறிட்டு வந்தீங்களா?" கலியமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஆமாங்க. இத்தாலியில. எட்னான்னு பேரு" என்றான் அறிவுச்செல்வன்.

நெய்வேலியில் கலியமூர்த்தியின் குவார்ட்டர்ஸுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு உல்லாசக் கப்பலில் லாண்டரி வேலை. இதற்கு முன் போன வீடுகளில் எல்லாம், "கப்பல்ல துணி துவைக்கிற பையனா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டார்கள். அதனால், "ஊர் ஊரா சுத்திப் பாத்த கதைய எடுத்து வுடுடா, அசந்துடுவாங்க" என்று காடாம்புலியூரில் பஸ் ஏறும்போதே அம்மா செல்லக்கிளி சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் எழில்மதியை அவனுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. இந்த வீடும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தாராளமாகவே எடுத்துவிட்டான்.

"கப்பல் காலையில வந்து நின்னா சாயந்தரம் கெளம்பிடுங்க. அதுக்குள்ள பஸ்ஸுல கூட்டிக்கினு போயி மலையையும் டவுனையும் சுத்திக் காட்டிடுவாங்க. மலை பூரா கருப்பு. நெருப்புக் கொழம்பு ஓடி ஆறிப்போன கல்லு. மேல நின்னா ஒரு பக்கம் பொகை, ஒரு பக்கம் கடலு."

"நம்ம மைன்ஸ் மண்மேடு மாதிரின்னு சொல்லுங்க."

"அதவிட ஒசரங்க."

கலியமூர்த்திக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சுரங்கத்திலேயே தலை நரைத்தவர். மண்மேட்டை யாரும் அவர் எதிரில் குறைத்துப் பேசியது கிடையாது.

"அந்த யானைய சொல்லுடா" என்று செல்லக்கிளி அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

"டவுன் நடுவுல ஒரு யானை சிலை நிக்குதுங்க. அந்த எரிமலைக் கல்லுலயே செஞ்சது. கிட்டயே பெரிய சர்ச்சு. ஊரே அந்த யானையத்தான் கும்புடாத கொறையா கொண்டாடுது."

எழில்மதி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "மலை மேல வாசனை ஏதாவது வந்துச்சுங்களா?"

மற்ற வீடுகளில் சம்பளம் கேட்டார்கள், வருடத்தில் எத்தனை மாதம் ஊரில் இருப்பான் என்று கேட்டார்கள். இவள் வாசனையைக் கேட்டாள். அறிவுச்செல்வனுக்கு உற்சாகமாகிவிட்டது.

"வந்துச்சுங்க. மொதல்ல கந்தக நெடி. காத்து திரும்புச்சுன்னா பழுத்த பலாப்பழம் வாசனை."

"எரிமலையிலயா?" கலியமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, பண்ருட்டியில எறங்கிட்டீங்களான்னு பாருங்க!"

"நெஜமாங்க. நானே மோந்தேன்."

எழில்மதி விடுவதாக இல்லை. "அந்தக் காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"கெழக்காலங்க."

"கெழக்க கடல் இல்ல இருக்கு? கடல்ல பலா மரமா?"

அறிவுச்செல்வனுக்கு மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்தது. செல்லக்கிளி மகனையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார் கலியமூர்த்தி. "வீட்லயே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சென்னைக் கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஏதோ எழுதிக் குடுக்குறா. அதான் எதுக்கெடுத்தாலும் கேள்வி. ரெண்டு பேரும் தனியா பேசணும்னா தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிட்டு வரட்டும்."

தோட்டத்தில் கொடி நிறையத் துணி காய்ந்தது. கலியமூர்த்தியின் யூனிஃபார்ம் சட்டையில் ஒரு கை முறுக்கிக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வன் தன்னை அறியாமல் அதை இழுத்து நேராக்கினான். செய்த பிறகுதான் அவள் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஒண்ணு சொல்லிடறேங்க" என்றான். "நான் அந்த மலைய பாத்ததே இல்ல. எந்த ஊருலயும் கரையில எறங்குனதில்ல. கப்பல் கரையில நிக்கிற அன்னிக்குத்தான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி. பெட்ஷீட்டு, துண்டுன்னு மலை மாதிரி வந்து குமியும். வெளிய ஊரு இருக்கும், நான் கப்பல் அடியில ஷிஃப்ட்டுல இருப்பேன்."

"அப்ப அந்த யானை?"

"பயணிங்க டூர் நோட்டீச பேண்ட் பாக்கெட்டுலயே வெச்சுப் போட்டுடுவாங்க. நனைஞ்சத இஸ்திரி போட்டுக் காயவெச்சுப் படிப்பேன். இந்த எட்னா நோட்டீசு எனக்கு மனப்பாடம். அதுல பலாப்பழம்னு பாத்ததும் எங்க ஊரே கண்ணு முன்னால வந்துடுச்சுங்க. அத எழுதுனவன் நெஜமாவே அந்த மலை மேல நின்னு, மோந்து பாத்து எழுதியிருக்கான். நான்தான் பொய் சொல்லிட்டேன். உங்கப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டங்க."

இந்த வீடும் போயிற்று என்று அவன் முடிவே செய்துவிட்டான். சும்மா நிற்கவும் தெரியாமல் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

எழில்மதி சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பாகிட்ட அத அப்புறம் சொல்லிக்கலாம். முதல்ல உள்ள போய் சம்மதம்னு சொல்லுவோம்" என்றவள், அவன் கையிலிருந்த துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அந்த நோட்டீச எழுதுனவன் இல்லைங்க, எழுதுனவ. நானும் அந்த மலையப் பாத்ததே இல்ல."