செங்கல் கால் கட்டில்

அரசு ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் கட்டிலெல்லாம் நிரம்பிவிட்டது. நிமோனியாவில் இருமிக்கொண்டிருந்த கிழவர் மாசிலாமணியை, வீட்டிலிருந்து கூடவே வந்த கோரைப்பாய்தான் தரையில் தாங்கிக்கொண்டது.

பாய்க்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் சடையப்பன். குடித்துக் குடித்து ஈரல் வீங்கிப்போனவன். குடி இல்லாத நடுக்கத்தில் எகிறி விழாமலிருக்க, நர்ஸம்மா அவன் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்.

"இவனுக்குக் கட்டில், எங்க பெரியவருக்குத் தரையா? உதறித் தள்ளுங்கண்ணே!" என்றது பாய், கட்டிலிடம்.

"தள்ளினா உங்க பெரியவர் மேலதான் விழுவான்," என்றது கட்டில்.

போன தடவை அவன் எகிறியதில்தான் அதற்கு ஒரு கால் ஒடிந்தது. இப்போது அந்த மூலைக்குச் செங்கல் முட்டு. அப்படியும் அவன் உதறலையெல்லாம் முனகாமல் வாங்கிக்கொண்டது.

ஒருவழியாகச் சடையப்பன் தெளிந்து எழுந்தான். "சத்தியமா இனிமே குடிக்கமாட்டேன்," என்று கட்டிலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மாசிலாமணியைக் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள்.

"இந்தத் தடவை நிறுத்திடுவான்," என்றது கட்டில்.

பாய்க்குச் சிரிப்பு வந்தது. "போன தடவையும் இதையேதானே சொல்லியிருப்பான்?"

"ஆமா."

"அப்புறமும் எப்படிண்ணே நம்புறீங்க?"

"நம்பலைன்னா, திரும்பி வர்றப்ப அவனை எப்படித் தாங்குறது?"

பாய் மெல்ல உருண்டுபோய், அந்தச் செங்கலோடு சேர்ந்து தானும் முட்டுக்கொடுத்தது.