கிடாத்துணி

பேக்கரிக்காரர் வேன் கதவைத் திறந்தபோது, உள்ளே வைக்கோல் மேல் நின்றிருந்த பெட்டை ஆடு வாயே திறக்கவில்லை.

காலையிலிருந்து கத்திக் கத்தி ஊரையே கூட்டிக்கொண்டிருந்ததாம். இங்கே வந்ததும் ஊமையாகிவிட்டது. முழங்கால் உயரம்கூட வராத குள்ள ஆடு. ஆனால் ஒரு வீட்டுக்குப் போதுமான பால் கறக்கும் இனம். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி இறக்கிவிட்டு, பொண்ணு வந்தாச்சு, மாப்பிள்ளை எங்கே பெரியவரே என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

கிடா வளர்க்கும் பெரியவர் சிரிக்கக்கூட இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மகளுக்கு மானம் கப்பலேறியது.

அம்மா இருந்தவரை வருகிறவர்களிடம் பேசுவது அம்மாவின் வேலை. கொட்டில் கூட்டுவதும் குளம்பு வெட்டுவதும் அப்பாவுக்கு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அம்மாவே அவரைக் கேலி செய்வாள்.

அம்மா போன பிறகு ஆட்டைச் சினையாக்கக் கிடாவைத் தேடி வந்த முதல் ஆள் இந்தப் பேக்கரிக்காரர்தான். இவர் முகம் சுளித்துத் திரும்பினால், அந்த அம்மாவோடு எல்லாம் போச்சு என்று நாலு பேரிடம் சொல்வார். அந்தச் சொல் வரக் கூடாது என்றுதான் அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் கிடாவிடம் விட முடியாது. இஷ்டமில்லாததைக் கிடா விரட்டி விரட்டிக் காலை ஒடித்துவிடும். வேறோர் இடத்தில் இதே ஆடு அப்படித்தான் நொண்டிக்கொண்டு திரும்பியதாகப் பேக்கரிக்காரர் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குத்தான் கிடாத்துணி. கிடாவின் கொம்புக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்து, நாற்றம் போகாமல் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி வைக்கிற கந்தல். மூக்கருகே நீட்டினால், பருவத்தில் இருப்பது வாலை ஆட்டும். இல்லாதது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அப்பா மருந்து அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக நகர்த்தினார். எடுத்ததையே மறுபடி எடுத்தார்.

பேக்கரிக்காரர் சட்டைப் பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்து ஆட்டுக்கு ஊட்டினார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இவ்வளவு பிகு பண்ணினால் பொண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு இன்னும் கூசியது.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பாட்டிலை அவள் வீட்டுக்குள் பார்த்திருந்தாள். அப்பாவின் கட்டிலில், தலைமாட்டில்.

கிடா நாற்றத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனுஷனைப் பற்றி யாரிடம் சொல்வது?

தேடியது போதும், கிடாவைப் பிடியுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

பாட்டிலோடு அவள் திரும்பியபோது அப்பா கிடாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பாட்டிலைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. பக்கத்தில் பேக்கரிக்காரர் நின்றார். வாய் மூடிக்கொண்டது.

மூடி லேசில் அசையவில்லை. சட்டை நுனியைச் சுற்றித் திருகித் திறந்தாள். துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பேக்கரிக்காரருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையேப்பா. துவைச்சு வெச்சீங்களா?"

பேக்கரிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

கொம்பைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். கிடா திமிறாதபடி அதன் தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் துணியைக் கொம்புக்குப் பின்னால் வைத்து, அம்மா செய்வதைப் போலவே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். புரட்டிப் போட்டு மறுபக்கமும் தேய்த்தாள். மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஏறியது.

அப்பாவின் பிடி ஒருமுறை தளர்ந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தாள்.

பெட்டை துணியை ஒருமுறை முகர்ந்தது. வால் படபடவென்று அடித்தது.

மற்றதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பேக்கரிக்காரர் சம்பந்தி என்று அப்பாவின் தோளைத் தட்டினார். அந்த அம்மா இல்லாத குறையே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

மகளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

இனிமேலாவது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்று துணியைப் பாட்டிலில் திணித்து மருந்து அலமாரிக்குக் கொண்டுபோனாள். பூச்சி மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் இடம் தேடிக் கையை விட்டபோது, இன்னொரு பாட்டில் தட்டுப்பட்டது. அதே அளவு, அதே மூடி. கொஞ்சம் திருகியதுமே கிடா நாற்றம் குப்பென்று அடித்தது.

மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அப்பா நின்றிருந்தார். அவர் கண் அவளுடைய இன்னொரு கையில் இருந்த பாட்டிலில் இருந்தது.

"அது உங்கம்மா தலையணை உறையில கிழிச்சதும்மா," என்றார், திருடிப் பிடிபட்டவர் மாதிரி. பிறகு, "நீ மோந்து பாத்தியே. நிஜமாவே ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

கோபம் இல்லை. குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. தனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா என்று யாரையாவது கேட்க நினைத்து, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தவரின் குரல்.

இருந்தது என்றால், அழித்தது அவள்.

இல்லை என்றால், அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியது வெறும் கந்தலை.

மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். நாற்றத்தில் கண் எரிந்தது.

"எனக்கு மூக்கடைப்புப்பா," என்றாள்.